பட்டியலில் ஐந்தாவது வரி

உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், மை பட்டிருக்கும். வேட்டி வெள்ளையாக இருக்கிறது. இதில் உட்காருங்கள். முதலாளி சிவகாசிக்கு அட்டை எடுக்கப் போயிருக்கிறார், திரும்பச் சாயங்காலம் ஆகும். அந்தப் பெண் இரண்டு மணிக்குத்தான் வருவாள். கடையில் இப்போது நான் மட்டும்தான்.

மாதிரி அட்டையெல்லாம் நீங்கள் புரட்ட வேண்டாம். நீங்கள் பத்திரிகை அடிக்க வந்தவர் இல்லை. பத்திரிகை அடிக்க வருகிறவர் படியேறும்போதே முகூர்த்தத் தேதியைச் சொல்வார். அடுத்து எத்தனை நாளில் கிடைக்கும் என்பார். நீங்கள் வந்ததும், இங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்றீர்கள். பிறகு, அந்தப் பிள்ளை வந்து எத்தனை நாளாயிற்று என்றீர்கள். மாப்பிள்ளைக்கு நீங்கள் என்ன வேண்டும்? தாய்மாமனா? நினைத்தேன். சித்தப்பாமார் இந்த வெயிலில் சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வரமாட்டார்கள்.

தப்பே இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் யார் பெண் எடுப்பார்கள்? என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நானும் பாவூர்சத்திரம் மில்லுக்குப் போய், மூட்டை தூக்குகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் 'கோபம் வரும், ஆனா சோறு பார்த்தா போயிரும்' என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கொடுத்தோம். அதனால் நான் சொல்வதில்தான் உலகம்மாளுடைய கல்யாணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யோசித்துத்தான் பேசுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

எனக்கு அவள்மேல் பொறாமை என்று இந்தத் தெருவில் சொல்வார்கள். எதிரே டீக்கடைக்காரர் கட்டாயம் சொல்வார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வருகிறீர்களா? சொன்னாரா? பார்த்தீர்களா. அவர் டீயில் தண்ணீர் அதிகம் என்று நான் ஒரு தடவை சொன்னதிலிருந்து அப்படித்தான்.

நான் கோமதிநாயகம். இந்தக் குழல்வாய்மொழி அச்சகத்துக்கு வந்து இருபத்தொரு வருஷம். கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு, பதினாறாம் நாள், எல்லா அட்டையும் நான்தான் கம்ப்யூட்டரில் கட்டுவேன். எழுத்தை அடிப்பது பெரிதில்லை. யார் பெயர் யாருக்கு மேலே வரவேண்டும் என்பதுதான் வேலை. இந்தத் தாலுகாவில் எந்த வீட்டில் எந்த மாமன் மூத்தவர், எந்தச் சித்தப்பா பேச்சுவார்த்தையில் இல்லை, எந்த அத்தை பெயரைப் போட்டால் எந்த அத்தை வரமாட்டாள், எல்லாம் இங்கே இருக்கிறது. ஆய்க்குடியில் ஒரு கல்யாணம். வேறு அச்சகத்தில் அடித்தார்கள். இளைய பெரியப்பா பெயர் மூத்தவர் பெயருக்கு ஒரு வரி மேலே ஏறிவிட்டது. மூத்தவர் வந்தார், மொய் எழுதினார், பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போனார். இன்றுவரை அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஒரு வரி அண்ணாச்சி. ஒரு வரிக்கு அவ்வளவு மதிப்பு. இது தெரிந்தவன்தான் இந்த மேஜையில் உட்கார முடியும்.

உலகம்மாள் போன தை மாதம் வந்தாள். இலஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்திருக்கிறாள். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஜாதகத்தோடு எழுதியிருப்பார்கள். நல்ல பெண் இல்லை என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்கு வருவாள். சத்தமாகச் சிரிக்க மாட்டாள். செருப்பை வாசலில் ஜோடியாக விடுவாள். இதெல்லாம் நான் மறைக்க மாட்டேன்.

நடந்தது என்னவென்றால், இந்தக் கடைக்கு ஒரே கம்ப்யூட்டர். அதில் பழைய விண்டோஸ். என்னுடைய தமிழ் எழுத்துகளும், பத்திரிகை கட்டுகிற சாஃப்ட்வேரும் அந்தப் பழையதில்தான் ஓடும், புதியதைப் போட்டால் ஓடாது. இப்போது ஜனங்கள் பத்திரிகை வாசகத்தைப் போனில் அடித்து வாட்சப்பில் அனுப்புகிறார்கள். அந்தத் தமிழ் என் சாஃப்ட்வேரில் வந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் என்ன? போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அடிப்பேன். அடிக்கும்போதே பிழையும் திருத்துவேன். அதில் என்ன குறைச்சல்?

இவள் வந்த ஐந்தாம் மாதம் முதலாளியிடம் போய், இதே கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்று இன்னொன்றையும் போடலாம், அதில் வாட்சப் தமிழ் அப்படியே வந்து விழும், திரும்ப அடிக்க வேண்டாம் என்றிருக்கிறாள். கோமதி அண்ணாச்சியுடையதைத் தொட வேண்டாம், அது அது பாட்டுக்கு இருக்கும் என்றும் சொன்னாளாம். என்னிடம் முதலில் சொல்லவில்லை பாருங்கள். முதலாளியிடம் சொன்னாள். சரி, என்னிடமும் சொன்னாள். முந்தின நாள் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை, அது வேறு.

முதலாளி கேட்டார். "ஒரே மிஷின்ல ரெண்டு எப்படி தாயி இருக்கும்?"

"போடும்போதே எது வேணும்னு கேக்கும் முதலாளி. ஒண்ணு ஓடினா இன்னொண்ணு சும்மா கிடக்கும்."

நான் அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்குமா என்று. நான் எது சொன்னாலும் முதலாளி சிரிப்பார். இருபத்தொரு வருஷமாகச் சிரித்திருக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்தப் பெண்தான் சிரித்தாள். "சேர்ந்து இருக்காது அண்ணாச்சி, மாறி மாறித்தான்" என்றாள். முதலாளி அதற்குச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தாள். நானும் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டைப் பிரிக்கும்போது வீட்டுக்காரன் கூட இருக்க வேண்டாமா? முதலில் என் வேலை முழுவதையும் வெளியே ஒரு சின்னப் பெட்டியில் நகல் எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் உங்களுடையது போய்விடக் கூடாது அண்ணாச்சி என்றாள். ஏதாவது ஆகும் என்று தெரிந்துதானே செய்கிறாள், பாருங்கள். பிறகு, உங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டாள். முழுதும் வேண்டும் என்றேன். அவள் திரையில் ஒரு படம் காட்டினாள். நீளமாக ஒரு பட்டை. அதில் ஓரத்தில் கொஞ்சம் நீலம், அதுதான் நான். மீதியெல்லாம் வெள்ளை. இருபத்தொரு வருஷம் உழைத்தது கால்வாசி கூட வரவில்லை என்று ஒரு படத்தில் காட்டிவிட்டாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவள் சாமர்த்தியம்.

அந்த வெள்ளையில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். பாதியை எனக்கே விட்டாள். எனக்கு எதற்கு வெள்ளை?

என் பத்திரிகைகளை முந்தின நாளே எண்ணி நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு. எல்லாம் முடிந்த பிறகு எண்ணினேன். பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு. மறுபடி எண்ணினேன். அதேதான். ஒன்று குறைந்திருந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்திருப்பேன். குறையவில்லை.

இனிமேல்தான் விஷயம். மறுநாள் காலை வந்து பொத்தானைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. முதல் வரியில் அவளுடையது. இரண்டாவது, அவளுடையதற்கே விசேஷ வழி என்று ஒன்று. மூன்றாவது, மெமரி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. நான்காவது, அதே சோதனை, வேறு மாதிரி. ஐந்தாவது வரியில் நான். எல்லோருக்கும் கீழே. நாதஸ்வரக்காரர் பெயருக்குக் கீழே மணமகன் தகப்பனார் பெயர் போட்ட மாதிரி. ஒரு சோதனைக்குக் கீழே, அண்ணாச்சி. அந்தச் சோதனையை இந்தக் கடையில் ஒருவரும் ஒரு நாளும் செய்தது கிடையாது.

அதோடு கீழே ஒரு கணக்கு ஓடும். பத்து, ஒன்பது, எட்டு. பத்து நொடிக்குள் நான் அம்புக்குறியை நாலு தடவை தட்டி என் வரிக்கு இறங்க வேண்டும். தட்டாவிட்டால் தானாக அவளுடையது திறந்துகொள்ளும். பொத்தானைப் போட்டுவிட்டுச் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றித் திரும்புவேன், அவள் வீடு திறந்து கிடக்கும். மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, அதன் முன்னால் காத்து நிற்க வேண்டும், சம்பளம் வாங்க நிற்கிற மாதிரி.

நான் கேட்கவில்லை. ஏன் என்னைக் கீழே போட்டாய் என்று வாய் விட்டுக் கேட்டால், கேட்டு வாங்கின இடம் ஆகிவிடும். பத்திரிகையிலும் அப்படித்தான். விவரம் தெரிந்தவர்கள் தானாகப் போட வேண்டும். அவளுக்கு அது தெரியவில்லை. கம்ப்யூட்டர் தானாக அப்படிப் போட்டுக்கொண்டது என்று முதலாளியிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். தானாக எதுவும் தன்னை மேலே போட்டுக்கொள்ளாது. எனக்கு அனுபவம் உண்டு.

காலையிலிருந்து மத்தியானம் இரண்டு மணிவரை நான், பிறகு அவள் என்று முதலாளி பிரித்துவிட்டார். காலையில் வருகிறவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை எப்ப வரும்?" என்பார்கள். இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன். சிலர் டீக்கடையில் காத்திருந்து இரண்டு மணிக்கு வருவார்கள். முன்பெல்லாம் முதலாளி மத்தியானச் சாப்பாடு முடித்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்து வரிவரியாக வாசிப்பார். அவர் வாசிக்க நான் திருத்துவேன். அவர் மூச்சில் வெற்றிலை வாசனை வரும். இப்போதும் அதே நேரத்துக்குத்தான் வருகிறார். அதே இடத்தில்தான் நிற்கிறார். நாற்காலியில்தான் ஆள் மாறிவிட்டது. நான் பின்கட்டில் அட்டை மடித்துக்கொண்டிருப்பேன். வாசிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

பொறாமை இல்லை. கேட்கும் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

என் பக்கத்தைத் திறந்தால் 'ஜி' என்று ஒரு பெட்டி புதிதாகத் தெரியும். அது அவளுடைய பாதி. என் பக்கத்திலிருந்து அதைத் திறக்க முடியாது. தட்டினால் ஒரு கேள்வி வரும்: இதை ஃபார்மேட் செய்யாமல் பயன்படுத்த முடியாது, செய்யட்டுமா? ஆரம்பத்திலேயே அவள் சொல்லியிருந்தாள். "அண்ணாச்சி, அந்த ஜி-யத் தட்டாதீங்க. கை பட்டுக் கேட்டாலும் வேண்டாம்னு சொல்லிருங்க. எனக்குள்ளது பூரா அழிஞ்சிரும்." ஒரு சீட்டிலும் எழுதி திரைக்கு ஓரத்தில் ஒட்டியிருந்தாள். ஃபேன் காற்றில் அந்தச் சீட்டு விழுந்துவிட்டது. விழுந்ததை எடுத்து நான்தான் இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன்.

தற்செயலாகத் தட்டுவேன். தினமும் ஒரு தடவை. உள்ளே என்ன வைத்திருக்கிறாள், எப்படி அடுக்கியிருக்கிறாள் என்று ஒரு மூத்த ஆள் பார்க்கக் கூடாதா? தட்டுவேன், கேட்கும், வேண்டாம் என்பேன். மூன்று மாதம் வேண்டாம் என்றே சொன்னேன். என் பொறுமையை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு பெரிய பத்திரிகை வந்தது. அரிசி மில்காரர் வீடு. அறுபத்துநாலு பெயர். இரண்டு சம்பந்தி வீட்டிலும் மூன்று தலைமுறை. இப்படி ஒரு பத்திரிகை வந்தால் அது என்னுடையது என்பது எழுதாத சட்டம். வாட்சப்பில் வந்தது என்று அவளிடம் போய்விட்டது. நான் காத்திருந்தேன். வரிசையில் எங்கேயாவது இடறுவாள், இடறினால் என்னைக் கூப்பிடுவாள் என்று. கூப்பிட்டாள். இடறுவதற்கு முன்னாலேயே கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இந்த ரெண்டு மாமன்ல யாரு மூத்தவங்க?" சொன்னேன். எழுதிக்கொண்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அதையும் சொன்னேன். அறுபத்துநாலு பேரையும் நான் சொல்லித்தான் அடுக்கினாள். மில்காரர் வந்து பார்த்து, ஒரு எழுத்து மாற்ற வேண்டாம் என்றார். உடனே அவள், வரிசையெல்லாம் கோமதி அண்ணாச்சி சொன்னது என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "ஆனாலும் நீ சுருக்குத்தான் தாயி" என்றார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். எந்தப் பத்திரிகையானாலும் மெஷினிலிருந்து வருகிற முதல் அட்டைக்கு, அதைக் கட்டினவன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முதலாளி கையில் கொடுக்க வேண்டும். முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். அந்த மஞ்சள் கிண்ணம் இருபத்தொரு வருஷமாக என் கையில். அன்று காலை மில்காரர் பத்திரிகை முதல் ஐம்பது ஓடியது. நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். அவள் அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தாள். முதலாளி கிண்ணத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீ தடவு தாயி. நீ செஞ்சது."

அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சிதான் எப்பவும் செய்வாங்க" என்றாள். முதலாளி, "இருக்கட்டும் தாயி, அவன் ஒண்ணும் நினைக்க மாட்டான். என்னடே கோமதி?" என்றார். நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றேன். அவள் தடவினாள். இரண்டு மூலையில் கூடுதலாக வழிந்தது. பழக்கமில்லாத கை.

பிறகு எல்லோரும் பின்கட்டுக்குப் போனார்கள். நான் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். என் பக்கம்தான் திறந்திருந்தது. ஜி-யைத் தட்டினேன். கேட்டது. செய்யட்டுமா?

சரி என்றேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன் அண்ணாச்சி. மூன்று மாதமாகக் கேட்கிறது. ஒரு மனிதன் எத்தனை நாள் ஒரே பதிலைச் சொல்வான்? ஒரு பச்சைப் பட்டை ஓடியது. முடிந்தது என்று வந்தது. அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்குக் கூட்டாஞ்சோறு. பாதிதான் சாப்பிட்டேன். சூடு அதிகம்.

திரும்பி வந்தால் கடை முழுக்க ஆள். கம்ப்யூட்டர் திறக்கவில்லை. அவளுடையது திறக்கவில்லை என்றால் எனக்குப் புரியும். என்னுடையதும் திறக்கவில்லை. பட்டியலே வரவில்லை. கறுப்பில் வெள்ளையாக இரண்டு வரி ஆங்கிலம், அவ்வளவுதான். எது தட்டினாலும் அதே இரண்டு வரி. பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு. இருபத்தொரு வருஷம் உள்ளே, நான் வெளியே.

பிற்பாடுதான் தெரிந்தது. அந்தப் பட்டியல் இருந்ததே, அது அவளுடைய பாதிக்குள் இருந்ததாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே தலைவாசல், அந்த வாசல் அவள் பக்கத்தில். அவள் வீட்டை இடித்தபோது என் வாசலும் சேர்ந்து போயிருக்கிறது. இதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா? ஒட்டினாளே சீட்டு, அதில் எழுத வேண்டாமா? உன்னுடையதும் போகும் என்று எழுதியிருந்தால் நான் ஏன் அதைத் தட்டப் போகிறேன்?

முதலாளி என்னிடம்தான் முதலில் கேட்டார். "என்னடே செஞ்ச?" இருபத்தொரு வருஷத்தில் அந்தக் குரலில் என்னிடம் கேட்டதில்லை. நான் மத்தியானம் கரண்ட் போய் வந்தது என்றேன். கரண்ட் போகவில்லை என்பது பின்கட்டில் மெஷின் ஓட்டினவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. மில்காரர் இன்னும் ஆயிரத்து ஐந்நூறு அட்டை மறுநாள் காலைக்குள் வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்திரிகை அவள் பாதியில்தான் இருந்தது. 'செஞ்சவன் இனிமே இந்தப் படி ஏறக் கூடாது' என்று முதலாளி சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவள் குனிந்து அந்த இரண்டு வரியை வாசித்தாள். பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகி, எதையோ திறந்து பார்த்தாள். நீளமான பட்டை, அதே படம். பிறகு நாற்காலியிலேயே திரும்பி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, அது ஏதாவது கேட்டுச்சா?"

"எது?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

முதலாளி, என்ன தாயி என்றார். அவள் எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "டிஸ்க் பழசு முதலாளி. தானா அடிபட்டிருக்கு. இப்படி ஆகும்" என்றாள்.

கண் இமைக்கவில்லை. பொய். பச்சைப் பொய். தானாக அழியவில்லை என்பது அவளுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே தெரியும். முதலாளி முகத்துக்கு நேரே அவ்வளவு தெளிவாகப் பொய் சொன்னாள். இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஒரு குடும்பத்துக்கு வருகிற பெண். நாளைக்கு உங்கள் அக்கா கேட்டாலும் இப்படித்தானே சொல்வாள்? எனக்காகச் சொன்னாள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் கேட்டேனா? நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்காமல் ஒருத்தனைக் காப்பாற்றுவதற்கு என்ன பெயர்? அன்றிலிருந்து நான் அவளுக்குக் கடன்பட்டவன் மாதிரி நடக்க வேண்டியிருக்கிறது. அவள் அப்படி நடக்கவில்லை, எப்போதும் போலத்தான் இருக்கிறாள். அதுதான் இன்னும் மோசம்.

எல்லாவற்றையும் மீட்டுவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம்வரை செய்ததற்கெல்லாம் நகல் வைத்திருக்கிறாள். தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் எடுப்பாளாம். அவளுடையது மட்டுமில்லை. என்னுடையதையும். மூன்று மாதமாக என் வேலைக்கும் சேர்த்து நகல் எடுத்திருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். எவ்வளவு அழுத்தம் பாருங்கள். ஆறு மணிக்கெல்லாம் மில்காரர் பத்திரிகை ஓட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலை பொத்தானைப் போட்டேன். பட்டியல் வந்தது. முதல் வரியில் நான். சோதனை இரண்டும் இல்லை, எடுத்துவிட்டாள். கீழே அவளுடையது ஒரே ஒரு வரி. பத்து நொடி முடிந்தால் தானாக என்னுடையது திறக்கிறது. நான் கேட்கவில்லை அண்ணாச்சி. மூன்று மாதம் நான் வாயைத் திறந்து கேட்டதில்லை. எப்படித் தெரிந்தது அவளுக்கு? அப்படியானால் நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்றைக்கு நான் ஊதுபத்தி ஏற்றவில்லை.

சரி, என் கதை போதும். உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். சுரண்டையிலிருந்து இங்கே தினமும் வந்து போவது கஷ்டம்தான். அங்கேயே ஏதாவது அச்சகத்தில் சேர்ந்துகொள்வாளா?

வேலைக்கே அனுப்ப மாட்டீர்களா?

மாப்பிள்ளைக்குப் பிடிக்காதா. சரி. அம்மாவுக்கும் துணைக்கு ஆள் வேண்டும், அதுவும் சரிதான். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? டிவி இருக்கிறதா. சரி.

இல்லை, ஒன்றும் யோசிக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா?

உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் படியேறியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல பெண் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வருகிற தையில் இந்த நாற்காலி காலையும் மாலையும் எனக்கே. முதலாளி மறுபடி என் பின்னால் வந்து நிற்பார். அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

ஆனால் நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேனே. அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் உங்களுக்குச் சரிப்பட மாட்டாள். பொய் சொல்வாள், சொன்னேன். அழுத்தக்காரி, அதையும் சொன்னேன். எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்ப்பாள்; மாமியார் போட்ட உப்பையும் சரிபார்ப்பாள். போன வாரம் இதே இடத்தில் உட்கார்ந்து போனில் அவள் அம்மாவிடம் பேசினாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "வேலைய விடச் சொல்ற வீடா இருந்தா, ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிரும்மா." பெற்ற தாயிடம் இப்படி. நீங்கள் அங்கே பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் இங்கே பதினோராவதைப் பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு அடங்கின பெண்ணாகக் கிடைக்கும். கடையநல்லூர்ப் பக்கம் பாருங்கள்.

இல்லை அண்ணாச்சி, அவளுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இரக்கமெல்லாம் இல்லை. நான் இப்போது காலையில் ஒரு மணி நேரம் முன்னாலேயே வருகிறேன். இரண்டாவது வரிக்கு இறங்கி, அவளுடைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பழகுகிறேன். யாருக்கும் தெரியாது. விசைப்பலகை வேறு மாதிரி, விரல் போகமாட்டேன் என்கிறது. நேற்று ஒரு பால்காய்ப்பு அட்டை முழுதாகக் கட்டிவிட்டேன், கட்டம் ஒன்றுகூட வராமல். மார்கழிக்குள் அவளைவிடச் சுருக்காகச் செய்வேன். அப்படிச் செய்யும்போது அவள் இங்கே இருக்க வேண்டும். பின்னால் நின்று பார்க்க வேண்டும். சுரண்டையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு என்ன லாபம்?

அதோ, பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வருகிறாள், நீலக் குடை. நீங்கள் இந்தப் பக்கமாக இறங்கிப் போய்விடுங்கள். டீக்கடையில் நிற்க வேண்டாம், அவர் எல்லோரிடமும் பேசுவார். தேதி குறித்தால் பத்திரிகை இங்கேயே அடியுங்கள், பெண் யாராக இருந்தாலும். உங்கள் பெயரை மேலே போடுகிறேன். போய் வாருங்கள்.

வா உலகு. சாப்பிட்டாயா?

அவரா? யாரோ சுரண்டைக்காரர். கல்யாணப் பத்திரிகை விசாரிக்க வந்தார். நமக்குச் சரிப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முதலாளியிடம் சொல்ல வேண்டாம். வந்த ஆளை விட்டுவிட்டாயே என்பார். என்ன பார்க்கிறாய்? குடையை வாசலில் மடித்து வை. உட்கார்ந்து வேலையைப் பார்.